கால் கட்டைவிரல் நகம் சதைக்குள்ள குத்துது, மறுபடியும் முழு நகத்தையும் எடுக்கணுமா?

தம்பி, நீங்க எழுதுனதை முழுசா படிச்சேன். ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல சூப்பர்வைசர் வேலை, வலது கால் கட்டைவிரல்ல நகம் ஒரு ஓரமா சதைக்குள்ள இறங்கிடுச்சு, முந்தின வருஷம் ஒரு இடத்துல மரத்துப்போற ஊசி போட்டு நகத்தையே முழுசா எடுத்தாங்க, நகம் வளர்ந்து வந்ததும் அதே ஓரம் அதே வலி, இப்ப சீழும் வருது, மறுபடியும் எடுக்கணும்ங்கறாங்க, சேலத்துக்கு இறங்கினா யாரை பாக்கறது, வலிக்குமா, எத்தனை நாள் லீவு போடணும்னு கேட்டிருக்கீங்க. கடைசியில ஒரு வரி, அம்மாவுக்கு சுகர், அவங்களுக்கும் கால் நகத்துல வலி, ஒரே நாள்ல ரெண்டு பேரும் வந்து எடுத்துக்கலாமான்னு. டாக்டர் பேரு கேக்கற மாதிரி எழுதியிருக்கீங்க, ஆனா உள்ளுக்குள்ள இருக்கற கேள்வி வேறன்னு படுது. ஒரு தடவை அவ்வளவு பட்டும் திரும்ப வந்துருச்சே, இன்னொரு தடவை எடுத்தா மட்டும் என்ன நிச்சயம்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான்.

நான் டாக்டர் இல்லைங்க. சேலத்துல சர்ஜரி பக்கம் மைனர் ஓ.டி.யிலயும் (சின்ன ஆபரேஷன் பண்ற ரூம்) டிரஸ்ஸிங் ரூம்லயும் வருஷக்கணக்கா ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டர் நகத்தை எடுத்துட்டு அடுத்த கேஸுக்கு போயிடுவாரு, அதுக்கப்புறம் அந்த விரலை கட்டு பிரிச்சு பாத்துட்டே இருக்கறது நாங்கதான், அதனால எது ஒழுங்கா ஆறுது, எது மறு வருஷமும் அதே வாசல்ல வந்து நிக்குதுன்னு ஓரளவு தெரியும். ஆனா உங்க விரலை நான் பாக்கல, அதனால உங்களுக்கு இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது, மாத்திரை பேரும் சொல்லமாட்டேன்.

முதல்ல உறுதியா சொல்லக்கூடியது. முழு நகத்தையும் புடுங்கி போடறது மட்டும் இதுக்கு வைத்தியம் ஆகாது. நகம் வளர்றது நுனியில இல்ல, அடியில தோலுக்குள்ள மறைஞ்சு ஒரு வேர் மாதிரி சதை இருக்குது, அங்கிருந்துதான். மேல இருக்கற நகத்தை எடுத்தா வேர் அப்படியேதான் இருக்கும், அது அதே அகலத்துக்கு அதே வளைவோட புது நகத்தை தள்ளும். கால் கட்டைவிரல் நகம் மாசத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெருசு, முழுசா வர 12ல இருந்து 18 மாசம் ஆகும். அத்தனை மாசமும் நுனிச் சதையை அமுக்கி வைக்க மேல நகம் இல்லாததால அது மேடு தட்டி எழும்பிக்கும், புது நகம் வந்து அந்த மேட்டுல முட்டும். அதனாலதான் முன்னாடி ஓரத்துல மட்டும் குத்துன ஆளுக்கு ரெண்டாவது ரவுண்டுல நுனியிலயும் குத்தும். முழு நகத்தை மட்டும் எடுத்து விட்டா பாதிக்கு மேல பேருக்கு திரும்ப வரும்னுதான் சர்ஜரில சொல்லுவாங்க, டிரஸ்ஸிங் ரூம்ல நான் பாத்ததும் அதுக்கு ஒத்துதான் வருது. சீழ் கட்டி நகத்தடியே பூரா தூக்கிட்டு இருக்குது, அடிபட்டு நகம் ஆடுதுன்னா முழுசா எடுக்கறதுல அர்த்தம் இருக்கு. மத்தபடி குத்தறது ஒரு ஓரம், அதுக்கு எதுக்கு மொத்த நகமும்.

அதனால நீங்க டாக்டர்கிட்ட உக்காந்ததும் கேக்க வேண்டியது ஒண்ணுதான். "சார், குத்தற ஓரத்தை மட்டும் எடுத்துட்டு அந்த ஓரத்து வேரை கருக்கி விடுவீங்களா?" இதை கேட்டா எந்த டாக்டரும் கோவிச்சுக்க மாட்டாரு. வேரை கருக்க பல வழி இருக்கு, ஃபீனால்ங்கற மருந்து வெச்சு கருக்கறது ரொம்ப பழசு, ரொம்ப பேர் செய்யறது, சிலர் காட்டரி மெஷின்ல சுடுவாங்க, சிலர் கத்தியில வேரை வெட்டியே எடுத்து ஒண்ணு ரெண்டு தையல் போடுவாங்க. 2012ல காக்ரேன் அமைப்பு 24 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்து பாத்துட்டு, திரும்ப வராம இருக்கணும்னா ஆபரேஷன் மத்த வைத்தியத்தை விட மேல், அதுலயும் நகத்தை எடுக்கறதோட ஃபீனாலும் சேந்தா இன்னும் மேல்னு சொல்லுச்சு. வரவே வராதுன்னு யாராவது கேரண்டி குடுத்தா நம்பாதீங்க, ஆனா நல்லா செஞ்சா நூறு பேர்ல பத்துக்கும் குறைவான பேருக்குதான் திரும்ப வரும்ங்கறது பரவலா ஒத்துக்கிட்ட கணக்கு. இன்னொரு விஷயம், வேர் கருக்கின ஓரத்துல இனிமே நகம் வளராது, நகம் கொஞ்சம் ஒல்லியா தெரியும். அதுதான் நோக்கமே, அப்புறம் வந்து நகம் சிறுத்துப் போச்சுன்னு சண்டை போடக்கூடாது.

வலி பத்தி கேட்டீங்க. வலிக்கும், ஆனா எப்ப வலிக்கும்னு தெரிஞ்சிக்கிட்டா பயம் பாதி குறையும். விரலோட அடியில ரெண்டு பக்கமும் ஊசி போடுவாங்க, மருந்து உள்ள போறப்ப விரல் வெடிக்கற மாதிரி ஒரு எரிச்சல், அரை நிமிஷம் ஒரு நிமிஷம், பல்லை கடிச்சுக்கணும். மொத்த வேலையிலயும் நிஜமான வலின்னா அதுதான். அதுக்கப்புறம் அஞ்சு பத்து நிமிஷம் விட்டுடுவாங்க, ஊசி முனையில குத்தி பாத்து மரத்துப்போச்சான்னு கேப்பாங்க, அப்ப வெக்கப்படாம உண்மையை சொல்லுங்க, இன்னும் சுருக்குங்குதுன்னா கொஞ்சம் சேத்து போடுவாங்க. சீழ் நிறைய இருந்தா மரத்துப்போறது லேட்டாகும், அது நிஜம். அப்புறம் விரல் அடியில ரப்பரை இறுக்கி ரத்தத்தை நிறுத்துவாங்க. நகத்துக்கு அடியில தட்டையான கருவியை விட்டு ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டு, மூணு நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு நுனியில இருந்து வேர் வரைக்கும் நேரா வெட்டி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்ங்கற இடுக்கியில அந்த பட்டையை புடிச்சு உள்பக்கமா திருகி இழுப்பாங்க. வெளிய வர்ற பட்டையை காட்டச் சொல்லி கேளுங்க, முக்காவாசி பேருக்கு அதோட பக்கத்துல ஒரு முள்ளு நீட்டிட்டு இருக்கும், இத்தனை மாசம் உங்களை தூங்கவிடாம பண்ணினது அந்த முள்ளுதான். அடி முனை வெள்ளையா மெத்துனு இருந்தா வேர் வரைக்கும் வந்துருக்குன்னு அர்த்தம். அப்புறம் சுத்தி இருக்கற தோலுக்கு வாஸ்லின் தடவிட்டு, பஞ்சு சுத்தின குச்சி நுனியில ஃபீனாலை தொட்டு அந்த குழிக்குள்ள விட்டு தேய்ப்பாங்க, ரெண்டு மூணு நிமிஷம், சதை சாம்பல் வெள்ளையா மாறும், பழைய ஆஸ்பத்திரி வாசனை ஒண்ணு அடிக்கும், கார்பாலிக் ஆசிட்னு சொல்றது இதைத்தான். கடைசியில கழுவி, ரப்பரை அவுத்து, விரல் நுனி சிவப்பு திரும்புதான்னு பாத்துட்டுதான் கட்டு. ரப்பரை அவுத்தாச்சான்னு நீங்களே வாய்விட்டு கேட்டாலும் தப்பில்ல, விரல்ல ரப்பரை விட்டுட்டு கட்டு போட்டா விரலே கருகிடும்.

வெறும் வயித்துல வராதீங்க. மரத்துப்போற ஊசி விரலுக்கு மட்டும்தான், மயக்க மருந்து இல்ல. ஆபரேஷன்னு சொன்னதும் பட்டினி கெடந்து மலை இறங்கி வந்து, ஊசியை பாத்ததும் சாய்ஞ்சவங்களை நிறைய தாங்கி புடிச்சிருக்கேன். இட்லி சாப்டுட்டு வாங்க, படுத்துக்கிட்டே ஊசி போட்டுக்கங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க யாராயிருந்தாலும் அதை தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லணும், முன்னாடி ஊசி ஒத்துக்காம போயிருந்தா அதையும், கடைசியா டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்ப போட்டதுன்னும். முகப்பருவுக்கு சாப்பிடற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்துட்டு இருந்தா கண்டிப்பா சொல்லுங்க, அதுவே நக ஓரத்துல சதை பொங்க வைக்கும், இதை பல பேரு சொல்றதே இல்ல.

அப்புறம் ஆறற விஷயம், இங்கதான் ஜனங்க பதறுவாங்க. மரத்துப்போனது தெளிஞ்சதும் அன்னிக்கு ராத்திரி விண்ணுவிண்ணுனு தெறிக்கும், காலை தலைகாணி மேல தூக்கி வெச்சு படுங்க, டாக்டர் குடுத்த வலி மாத்திரை ஒண்ணு போட்டா பெரும்பாலும் போதும். கட்டு மேல ரத்தம் கொஞ்சம் ஊறித்தான் வரும். மறுநாளோ ரெண்டாம் நாளோ முதல் கட்டு பிரிக்கறப்ப தயவு செஞ்சு காஞ்ச துணியை இழுக்காதீங்க, சலைனோ வெதுவெதுப்பான உப்புத்தண்ணியோ ஊத்தி ஊறவெச்சா தானா கழண்டு வரும், இழுத்தா ஆபரேஷனை விட அதுதான் வலிக்கும். ஃபீனால் வெச்ச விரல் ரெண்டு வாரம், சிலருக்கு நாலு வாரம்கூட கசிஞ்சுட்டே இருக்கும், வெளிர் மஞ்சளா தண்ணி மாதிரி. அது சீழ் இல்ல, மருந்து சுட்ட புண்ணு ஆறற விதம் அப்படி. வலி நாளுக்கு நாள் குறையுதா, அதை பாருங்க. மூணு நாளைக்கு அப்புறம் வலி குறையாம கூடுது, சிவப்பு விரலை தாண்டி பாதத்துக்கு ஏறுது, ஜுரம் வருது, கெட்டியா நாத்தமா சீழ் வருதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

லீவு எத்தனை நாள்ங்கறது உங்க வேலையை பொறுத்தது. ஆபீஸ்ல உக்காந்து பாக்கறவரு ரெண்டு மூணு நாள்ல செருப்பு போட்டுட்டு போயிடுவாரு. உங்களுக்கு அப்படி இல்ல, கம்பூட் போடணும், அதுக்குள்ள வேர்வையும் மழைத்தண்ணியும் நாள் பூரா நிக்கும், ரெண்டு மூணு வாரம் பூட்டை தொடாம இருந்தாத்தான் ஒழுங்கா ஆறும். முதலாளிகிட்ட அந்த நாளைக்கு டிப்போவுலயோ கணக்கு வேலையிலயோ போடச்சொல்லி கேட்டு பாருங்க. நவம்பர்ல காபி பழம் எடுக்க ஆரம்பிச்சா யாரும் லீவு தரமாட்டாங்க, அதுக்கு முன்னாடியே முடிச்சுக்கறது நல்லது.

அந்த கம்பூட் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். மலைச்சரிவுல இறங்கறப்ப உடம்பு எடை பூரா காலை முன்னாடி தள்ளும், ஒவ்வொரு எட்டுக்கும் கட்டைவிரல் பூட்டு நுனியில போய் முட்டும், ஈரத்துல ஊறின சதை மெத்துனு இருக்கறதால நக முனை சுலபமா உள்ள எறங்கும். எஸ்டேட் ஆளுங்க, ஸ்டீல் பிளான்ட்ல சேஃப்டி ஷூ போடறவங்க, ஸ்கூல் ஷூ பத்தாம போன வளர்ற பசங்க, எங்ககிட்ட வந்ததுல பெரும்பகுதி இவங்கதான். நின்னுகிட்டு போட்டு பாக்கறப்ப விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் எடம் இருக்கற பூட்டா வாங்குங்க, நாள் பாதியில காஞ்ச சாக்ஸ் மாத்துங்க. நகம் வெட்டறப்ப ஓரத்தை குடைஞ்சு பிளேடு விடாதீங்க. குடையறப்ப வெளிய தெரியற பாகம் போயிடும், உள்ள எட்டாத எடத்துல முள்ளு மாதிரி ஒரு துண்டு நின்னுக்கும், வளர வளர அது சதையை கிழிக்கும். நேரா வெட்டி, ரெண்டு மூலையும் சதைக்கு மேல கண்ணுக்கு தெரியற மாதிரி விடுங்க. நடுவுல வி மாதிரி வெட்டு போட்டா ஓரம் உள்ள இழுத்துக்கும்னு வீடியோவுல காட்டறாங்களே, அது சும்மா. வேர்ல இருந்து தள்ளற நகத்துக்கு நுனியில நீங்க போட்ட வெட்டு தெரியவா போகுது.

இனி சந்தேகமான விஷயங்க. வெதுவெதுப்பான தண்ணியில காலை வெச்சு, ஓரத்துக்கு அடியில பஞ்சு திரியை செருகறது, சதையை பிளாஸ்திரி போட்டு இழுத்து கட்டறது, டிரிப் டியூபை நீளவாக்குல கிழிச்சு நக ஓரத்துல மாட்டி விடறது, இதெல்லாம் ஆரம்பத்துல வெறும் வலியும் லேசா சிவப்பும் இருக்கறவங்களுக்கு கேக்குது, நானே பல பேருக்கு பண்ணி விட்டிருக்கேன். ஆனா எது எதை விட உசத்திங்கறதுக்கு கிடைக்கற ஆராய்ச்சிங்க எல்லாம் சின்னது, அதை வெச்சு பந்தயம் கட்ட முடியாது. உங்களுக்கு சீழ் வருது, ஒருவேளை சிவப்பா சதையும் பொங்கி இருக்கலாம், அந்த கட்டத்துல பஞ்சு வெச்சு நாளை கடத்தறதுல பிரயோஜனம் கம்மி. ஆன்ட்டிபயாட்டிக்கும் அப்படித்தான். மெடிக்கல்ல ஸ்ட்ரிப்பா வாங்கி போட்டீங்கன்னு எழுதியிருக்கீங்க, போடறப்ப கொஞ்சம் அடங்கும், நிறுத்துனதும் வரும், காலுல முள்ளு ஏறி நிக்கறப்ப முள்ளை விட்டுட்டு மாத்திரை போடற கதைதான். ஓரத்தை எடுத்தப்புறம் சாதாரண ஆளுக்கு ஆன்ட்டிபயாட்டிக் கண்டிப்பா வேணும்னு ஆராய்ச்சி காட்டல, ஆனா டாக்டருக்கு டாக்டர் பழக்கம் மாறும், சிவப்பு பரவியிருந்தா, சுகர் இருந்தா கணக்கே வேற, அதனால குடுத்தா சாப்பிடுங்க, குடுக்கலைன்னா கேட்டு வாங்காதீங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு வெக்கறது, எலுமிச்சம்பழத்தை விரல்ல சொருகறது, இதெல்லாம் கை விரல் நகச்சுத்துக்கு நம்ம பாட்டிங்க செஞ்சது, நகம் குத்திட்டு நிக்கற கால் விரலுக்கு இதால முள்ளு வெளிய வராது. சுண்ணாம்பு சுட்டு தோல் பொத்துப் போய், நகப்புண்ணு எது சுண்ணாம்பு சுட்ட புண்ணு எதுன்னு தெரியாம வந்தவங்க உண்டு.

ஒரு தடவை எடுத்து திரும்ப வந்து சீழ் வெச்ச விரல்ங்கறதால எக்ஸ்ரே ஒண்ணு எடுக்கச் சொன்னா முகம் சுளிக்காதீங்க. நகத்துக்கு அடியில எலும்பு வளர்ந்து முட்டறதும் உண்டு, சீழ் எலும்பு வரைக்கும் போனதும் உண்டு. பொங்கி நிக்கற சதை கருப்பா இருந்தாலோ, நகத்துல கருங்கோடு ஓடுனாலோ, எடுத்த சதையை பயாப்ஸிக்கு (லேப்ல சதையை சோதிக்கறது) அனுப்புவீங்களான்னு கேளுங்க. ரொம்ப அபூர்வம்தான், ஆனா நகத்தடியில வர்ற மெலனோமா புற்றுநோய் இப்படி சாதாரண நகப்புண்ணு வேஷத்துல வந்து ஏமாத்தும்.

எங்க போறதுன்னா, இதுக்கு பெரிய ஸ்பெஷலிஸ்ட் தேட வேண்டியதில்ல, ஜெனரல் சர்ஜன் போதும், தோல் டாக்டர்ங்கள்லயும் நகம் பண்றவங்க இருக்காங்க. ஏற்காடு ஜி.எச்.ல முதல்ல காட்டி டிடி போட்டுக்கிட்டு, பின்னாடி டிரஸ்ஸிங்கும் அங்கயே பண்ணிக்கலாம், தினமும் மலை இறங்க வேண்டாம். ஆபரேஷனுக்கு சேலம் ஜி.எச்., அதாவது மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, காலையிலயே ஓ.பி. சீட்டு போட்டு சர்ஜரி ஓ.பி.ல உக்காருங்க, காசு கிடையாது, ஆனா கூட்டம் இருக்கும், அன்னிக்கே பண்ணுவாங்களா வேற நாள் வரச்சொல்லுவாங்களாங்கறது அன்னிக்கு கேஸ் லோடை பொறுத்தது. அஞ்சு ரோடு, அஸ்தம்பட்டி பக்கம் பிரைவேட்ல போறதா இருந்தா போன்லயே ரெண்டு விஷயம் கேட்டுக்கங்க, வேரை கருக்கறது உண்டா, டிரஸ்ஸிங் சேத்து மொத்தம் எவ்வளவுன்னு. பார்லர்ல பெடிக்யூர் பண்ற இடத்துல ஓரத்தை எடுத்து விடறேன்னா குடுத்துடாதீங்க.

இப்ப அம்மா. அவங்களை உங்களோட சேத்து ஒரே கணக்குல போடாதீங்க. சுகர்காரங்க காலுல நகத்தை தொடறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்கு பதில் வேணும், காலுக்கு ரத்தம் ஒழுங்கா போகுதா, உணர்ச்சி இருக்கா. பாதத்து மேல நாடி புடிச்சு பாப்பாங்க, நைலான் நூல் மாதிரி ஒண்ணை வெச்சு தொட்டு தெரியுதான்னு கேப்பாங்க, மூணு மாச சுகர் அளவு பாப்பாங்க, நாடி சரியா கிடைக்கலைன்னா ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளர் டெஸ்ட். ரத்த ஓட்டம் கம்மியா இருக்கற விரல்ல ஃபீனால் வெச்சா ஆறாது, அப்ப முதல்ல ரத்தக்குழாய் டாக்டர்தான். சுகர் இருந்தாலே நகத்துல கை வெக்கக்கூடாதுன்னும் கிடையாது, ரத்த ஓட்டம் நல்லா இருந்து சுகர் கட்டுல இருந்தா பண்றாங்க, ஆறவும் செய்யுது. இன்னொண்ணு, வயசானவங்களுக்கு நகம் தடிச்சு மஞ்சளாகி சுருண்டு ரெண்டு பக்கமும் கவ்விட்டு நிக்கும், பூஞ்சைக்காளானா இருக்கலாம், அதுக்கு நகத்தை தேய்ச்சு மெலிசாக்கி ஒழுங்கா வெட்டி விட்டாலே வலி போயிடும் பல பேருக்கு. அதுவரைக்கும் நீங்க பிளேடு எடுக்காதீங்க, வெந்நீர்ல காலை வெக்க விடாதீங்க. ஏற்காட்டு குளிருக்கு இதமா இருக்குன்னு வெப்பாங்க, சூடு தெரியாத காலு, வெந்து தோல் உரிஞ்சதுக்கப்புறம்தான் தெரியும், இதை நான் டிரஸ்ஸிங் ரூம்ல எத்தனையோ பாத்தாச்சு. அவங்க விரல் கருத்திருந்தா, இல்ல வலியே இல்லாம சீழ் மட்டும் வந்தா, உங்க நகம் கெடக்கட்டும், முதல்ல அவங்களை கூட்டிட்டு வாங்க. மெட்டியை வீட்டுலயே கழட்டிட்டு வரச்சொல்லுங்க, வீங்கினப்புறம் வெட்டித்தான் எடுக்கணும், வெள்ளி போச்சுன்னு அழுவாங்க. மருதாணியும் கால் நகத்துல வேண்டாம், நிறம் பாக்க முடியாது.

நீங்க வர்ற அன்னிக்கு பைக்ல மட்டும் வராதீங்க தம்பி. உங்களுக்கு வலது கால், பின் பிரேக் அந்த காலுலதான். மரத்துப்போன விரலோட, பெரிய கட்டோட, அடிவாரத்துல இருந்து 20 ஹேர்பின் வளைவும் ஏறணும், எங்க மிதிக்கறோம்னே தெரியாது. பஸ்ல வாங்க, கூட ஒரு ஆளை கூட்டிட்டு வாங்க, முன்பக்கம் திறந்த பெரிய செருப்பு ஒண்ணு பையில வெச்சுக்கங்க, கட்டு போட்டப்புறம் பூட்டுக்குள்ள கால் போகாது. மரத்துப்போனது தெளிய கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள வீடு போய் சேந்து வலி மாத்திரையை போட்டுட்டு காலை தூக்கி வெச்சுடுங்க.